கமிட்டிக் கொல்லை

உறுவையாறு சிங்காரவேலுவின் கரும்புக் கொல்லையில் நோய் எதுவும் இல்லை. அவர் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. முப்பத்தாறோ முப்பத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் கரும்பு வைத்த அத்தனை பேரையும் ஒரு நோய் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. கரும்பு இடுப்பளவு வந்ததும், குருத்தில் இலை வருவதற்குப் பதிலாகச் சாட்டை மாதிரி ஒன்று நீண்டு வளையும். நாலைந்து நாள் அதன்மேல் வெள்ளித்தாள்போல ஒரு தோல் மூடியிருக்கும். பிறகு தோல் வெடித்து, உள்ளே இருக்கும் கரிப்பொடி காற்றில் பறக்கும். பொடி விழுந்த கொல்லையிலெல்லாம் அடுத்த போகத்தில் சாட்டை முளைக்கும். ஊரில் அதற்குக் கரிச்சாட்டை என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சிங்காரவேலுவின் மனைவி அமுதம் செய்தாள். அதுவும் வேண்டுமென்று செய்யவில்லை. விதைக்கென்று வெட்டி வைத்திருந்த கரும்புக் கரணைகளில் எறும்பு ஏறிவிட்டது. வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் அண்டாவில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கட்டுக் கரணையை அதில் போட்டுவிட்டு, சினைமாடு கத்துகிறதே என்று பார்க்கப் போனாள். மாடு கன்று போட்டது. இவள் திரும்பி வருவதற்குள் கொப்பரையில் ஒரு முறை பாகு காய்ந்து இறங்கிவிட்டது. வெந்த கரணை முளைக்குமா என்று சிங்காரவேலு சத்தம் போட்டார். வேறு விதை கைவசம் இல்லாததால் மற்றக் கட்டுகளோடு அதையும் நட்டார். முளைத்தது. அந்த வருஷம் அவர் கொல்லையில் அதை நட்ட நாலு பாரில், அந்த நாலு வரிசையில் மட்டும் சாட்டை வரவில்லை.

அடுத்த வருஷம் எல்லாக் கரணையையும் வெந்நீரில் போடலாம் என்றார் சிங்காரவேலு. அமுதம் பாதியைத்தான் போடுவேன் என்று நின்றாள். "எல்லாத்தியும் போட்டா, எதனால போச்சின்னு இன்னா தெரியும்?" என்று கேட்டாள். பாதியைப் போட்டாள், பாதியைப் போடவில்லை. போடாத பாதியில் வந்த சாட்டைகளை வெடிக்கும் முன் ஈரச்சாக்கால் மூடி அறுத்து எரித்தாள். அதற்கடுத்த வருஷம் பக்கத்துக் கொல்லைத் தணிகைவேலும் வெந்நீரில் போட்டார். பிறகு ஊரே போட்டது. உறுவையாற்றில் சாட்டை என்ற பேச்சே நின்றது.

இந்தச் செய்தி சுற்றுப்பயணம் வந்த ஒரு விவசாய இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தது. அவர் அதைக் காகிதத்தில் எழுதினார். காகிதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய், கடைசியில் மூன்று அரக்கு முத்திரை வைத்த கடிதமாகச் சிங்காரவேலுவிடம் திரும்பி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பிரான்ஸ் குடியரசின் விஞ்ஞானச் சாதனைப் பரிசு என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குச் சிங்காரவேலு விண்ணப்பித்ததற்காகக் கமிட்டி அவருக்கு நன்றி சொல்லியிருந்தது. நான் எங்கே விண்ணப்பித்தேன் என்று சிங்காரவேலு கேட்டார். வாத்தியார் கடிதத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்படித்தான் போட்டிருக்கிறது, இனிமேல் இல்லையென்று சொன்னால் நன்றாக இருக்காது என்றார்.

கமிட்டியின் காரியதரிசி விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்ய நேரிலேயே வந்தார். அவர் பெயர் அல்போன்ஸ். பிரெஞ்சு மரியாதையில் முசியே அல்போன்ஸ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். புதுச்சேரி டவுன்காரர். உறுவையாற்று வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. பாரத்தில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. இந்தக் கண்டுபிடிப்பை எந்தச் சர்வகலாசாலையில் செய்தீர்கள் என்பது ஒன்று. இதை எதிர்த்து வாதாடிய அறிஞர்கள் யார் யார் என்பது இன்னொன்று. எதிர்த்தவன் நான்தான், கரணை வெந்துபோகும் என்று சொன்னேன் என்றார் சிங்காரவேலு. அல்போன்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி என்று சிங்காரவேலு சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. அதில் சிங்காரவேலு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பாரத்தில் அடித்துத் திருத்தினால் செல்லாது. அல்போன்ஸ் சற்று யோசித்தார். பிறகு 'சோதனைக்குப் பயன்பட்ட கருவிகள்' என்ற கட்டத்தில், அண்டா ஒன்று, அடுப்பு ஒன்று என்பதற்குக் கீழே, அமுதம் ஒன்று என்று எழுதி முடித்தார்.

மாசி மாதக் கடைசியில் கமிட்டி வந்தது. ஒரு மோட்டார் காரும் இரண்டு வில்வண்டியும் வரப்பு வரைக்கும் வந்து நின்றன. மேஜையை இறக்கி அதன்மேல் பச்சைத் துணி விரித்தார்கள். கமிட்டித் தலைவர் முசியே பெலார் வெள்ளைக்காரர். வெண்தாடி, வெள்ளை உடை, கையில் பூதக்கண்ணாடி. கரும்பு வரிசைகளுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தார். ஒவ்வொரு கரும்பையும் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். அல்போன்ஸ் தமிழில் சொன்னார்.

"கனவான்களே, இந்தக் கொல்லையில் ஆரோக்கியத்தைத் தவிர வேறெதையும் நான் காணவில்லை. ஆரோக்கியத்துக்குப் பரிசு கொடுக்க நம்முடைய விதிகளில் இடமில்லை. நோயை ஒழித்தேன் என்கிறார் இவர். அப்படியானால் நோய் எங்கே? ஒழிந்துபோனதை ஒழித்ததாக யாரும் சொல்லிக்கொள்ளலாம். பதினேழாவது விதிப்படி, நடுவர்கள் தங்கள் கண்ணால் நோயைப் பார்க்க வேண்டும்."

ஆகையால் நோயைக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். பாகூர் பக்கத்தில் நன்றாகச் சாட்டை கண்ட ஒரு கொல்லையிலிருந்து கரணை வெட்டி, சிங்காரவேலுவின் கொல்லைக்கு நடுவில் எட்டுப் பார் பிடித்து நட வேண்டும். நாலு பாருக்கு வெந்நீர்க் கரணை, நாலு பாருக்கு வெறும் கரணை. சிங்காரவேலு கிழக்கே திரும்பிப் பார்த்தார். அவர் கொல்லைக்குக் கிழக்கே தணிகைவேலின் கொல்லை. அதில் போன வருஷத்துக் கட்டையையே பிடுங்காமல் மறுபடி தழையவிட்டிருந்தார் தணிகைவேல். வேர் மண்ணுக்குள் இருக்கிற கரும்பை எந்த அண்டாவில் போட முடியும்? ஒரு முறை பொடி விழுந்தால் விழுந்ததுதான். ஆனி மாதம் பிறந்தால் மேல்காற்று கிழக்கு நோக்கித்தான் அடிக்கும்.

அதைச் சிங்காரவேலு சொன்னார். சாட்டை காற்றில் பரவும், ஊர்க் கரும்பு முழுவதும் போய்விடும் என்றார். அல்போன்ஸ் பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காற்றில் பரவுவது உங்கள் கண்டுபிடிப்பில் சேரவில்லையே, அதை நீங்கள் தனியாக அல்லவா விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றார். அப்படியானால் எனக்குப் பரிசே வேண்டாம் என்று சிங்காரவேலு கையெடுத்துக் கும்பிட்டார். அல்போன்ஸ் குரலைத் தாழ்த்தினார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறவர், குடியரசுக்குப் பொய் சொன்னவர் ஆகிறார். ஆறு மாதம் சிறை. அதற்கும் ஒரு விதி இருந்தது.

நோய் வந்து சேர்ந்த கதையை வண்டிக்காரர்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். பாகூரிலிருந்து வரும் வழியில் ஓரிடத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிட்டது. சுங்கச் சாவடிக்காரன் வண்டியில் என்ன என்று கேட்டான். நோய் என்றார்கள். எந்த நாட்டு நோய் என்றான். பிரெஞ்சு நோய் என்றார்கள். எங்கள் எல்லைக்குள் இறங்காமல் போகட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டானாம்.

பங்குனியில் நடவு நடந்தது. கண்டுபிடித்தவரே தம் கையால் செய்ய வேண்டும் என்பது விதி. சிங்காரவேலுவுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெண்பிள்ளை அங்கே நிற்கலாமா என்று நடுவர் ஒருவர் ஆட்சேபித்தார். கருவிகளின் பட்டியலில் அமுதம் இருப்பதால், அவள் அண்டாவுக்கு ஒரு முழத்துக்குள் இருந்தே தீர வேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அவள் தண்ணீரில் கையைவிட்டு, ஐந்து எண்ணுவதற்குள் வெடுக்கென்று எடுத்து, இப்போது போடலாம் என்று தலையாட்டினாள். பாகு ஒரு முறை இறங்குகிற நேரம் பொறுத்திருந்து, எடுக்கலாம் என்று தலையாட்டினாள். நடுவர்கள் சிங்காரவேலுவின் கைத்திறனைக் குறித்துக்கொண்டார்கள்.

எட்டுப் பாரையும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிரெஞ்சில் எழுதிய பலகை ஒன்றை நட்டார்கள். கமிட்டிக் கொல்லை என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். காவலுக்கு வில்லியனூர்ச் சிப்பாய் அந்தோணிசாமி வந்து சேர்ந்தார். நாற்பது வயது, நிறைய பிள்ளைகள், தோளில் ஒரு துப்பாக்கி, கையில் ஒரு பெரிய ரிஜிஸ்தர். கயிற்றுக்குள் யாரும் போகக் கூடாது. செடியை யாரும் தொடக் கூடாது. மீறுகிறவனை மூன்று முறை கூப்பிட்டு எச்சரித்து, அதன்பிறகு பிடித்துக் கட்ட வேண்டும். செடியில் காண்பதை அன்றாடம் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். மூன்று மாதம் அவர் அதைத் தவறாமல் செய்தார். பெரும்பாலும் 'கரும்பு இருக்கிறது' என்று எழுதினார்.

ஆனி மாதம் ஒரு காலையில் முதல் சாட்டை தெரிந்தது. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் பதினொன்று. பதினொன்றும் வெறும் கரணை நட்ட பாரில். வெந்நீர்க் கரணை நட்ட நாலு பாரும் பச்சைப் பசேலென்று நின்றன.

அமுதம் கயிற்றோரம் வந்து நின்று எண்ணுவாள். முதல் பாரிலிருந்து எட்டாவது பார் வரைக்கும் எண்ணி, திரும்ப எட்டிலிருந்து ஒன்று வரைக்கும் எண்ணுவாள். "அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல, பாத்தியா?" என்று புருஷனிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சிங்காரவேலு கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. இந்தப் பக்கத்துப் பதினொன்றுதான் தெரிந்தது. மேல்காற்று லேசாகத் தொடங்கியிருந்தது.

சாட்டை தெரிந்த அன்றே அந்தோணிசாமி கமிட்டிக்குத் தபால் எழுதியிருந்தார். பதில் இல்லை. சிங்காரவேலு விடியற்காலையில் புறப்பட்டுப் புதுச்சேரிக்கு நடந்தார். ஜூலை ஐந்தாம் தேதி. கமிட்டி ஆபீசில் அவரை மத்தியானம் வரை உட்காரவைத்து, பிறகு அல்போன்ஸ் கூப்பிட்டார். நல்ல செய்தி, மிகவும் நல்ல செய்தி என்று கையைக் குலுக்கினார். பதினாலாம் தேதி குடியரசுத் திருநாள். அன்றைக்கு நடுவர் குழு பேண்டு வாத்தியத்தோடு உறுவையாறு வரப்போகிறது.

"முசியே, அந்தத் தோலு நாலஞ்சி நாளைக்கித்தான் தாங்கும். இன்னிக்கே மூணு நாளாவுது. இன்னிக்கோ நாளைக்கோ வந்து பாத்துட்டீங்கன்னா, நாங்க அறுத்து எரிச்சிடுவோம்."

"முடியாது. தலைவரின் சொற்பொழிவு அச்சாகிவிட்டது. பதினாலாம் தேதி நோயைக் கண்டு திகைத்ததாக அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் எப்படித் திகைக்க முடியும்?"

"வெடிச்சிடுமே முசியே."

"கமிட்டியின் அனுமதி இல்லாமல் வெடித்தால், அது சோதனைக்கு உட்பட்ட வெடிப்பு ஆகாது. நாங்கள் அதை எடுத்துக்கொள்ளவே மாட்டோம். நீங்கள் தைரியமாகப் போகலாம்."

காற்று எடுத்துக்கொள்ளுமே என்று சிங்காரவேலு மெல்லச் சொன்னார். அல்போன்ஸுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக இந்தக் கமிட்டியில் இருக்கிறேன் என்று சொன்னார். இதுவரை ஒருவருக்கும் பரிசு கொடுத்ததில்லை. குறை கண்டுபிடிக்காமல் யாரையும் திருப்பி அனுப்பியதும் இல்லை. அந்தக் கௌரவம்தான் இந்தப் பரிசின் மதிப்பு. நீங்கள்தான் இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள், அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை சிங்காரவேலு கொல்லைக்குப் போனபோது கயிற்றைச் சுற்றி ஊரே நின்றது. காற்று பலத்திருந்தது. கரும்புத் தோகை ஒன்றோடொன்று உரசி, மழை வருகிற மாதிரி இரைந்தது. ஒரு சாட்டையின் நுனியில் தோல் கீறி, கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தணிகைவேல் முன்னால் வந்து நின்றார். ஒரே மண்ணில் சேர்ந்து வளர்ந்தவர், குரலை உயர்த்திப் பேசாதவர்.

"ஏம்பா சிங்காரவேலு, ஒனக்கு மெடலு குடுக்கறாங்க, வாங்கிக்க. நான் வேணான்னு சொல்லல. ரெண்டு வருஷம் கஞ்சிக்கு நின்னவன் நான். மூணாவது வருஷமும் நிக்கச் சொல்றியா? அத மட்டும் சொல்லு."

சிங்காரவேலு கயிற்றைப் பார்த்தார். தொட்டால் சிறை. தொடாவிட்டால், இந்த ஊரில் இனி யார் முகத்தில் விழிப்பது? அவர் திரும்பி அமுதத்தைத் தேடினார். அவள் அங்கே இல்லை. வாய்க்காலில் சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தது. நனைந்த சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

அந்தோணிசாமி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். தங்கச்சி, வெளியே வா, என் பிள்ளைகளை நினைத்துப் பார் என்றார்.

"சுடறதுன்னா சுடுங்கண்ணே," என்றாள் அமுதம். "ஆனா கரும்பு மேல படாம சுடுங்க. ஆடிச்சின்னா பொடி பறக்கும்."

அவள் முதல் சாட்டையின்மேல் ஈரச்சாக்கைக் குழந்தைக்குப் போர்த்துவது மாதிரிப் போர்த்தினாள். சிங்காரவேலு அதற்குமேல் வெளியே நிற்கவில்லை. கயிற்றுக்குள் நுழைந்து சாக்கின் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார். அவள் அடியில் அறுத்தாள். கீறல் விழுந்த சாட்டை அதுதான். பொடி ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

அந்தோணிசாமி சிறிது நேரம் துப்பாக்கியையே பார்த்தார். பிறகு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்று, "முதல் தடவை கூப்பிடறேன், வெளிய வாங்க," என்றார். சொல்லிவிட்டு ரிஜிஸ்தரைத் திறந்து, பேனாவைத் தேடி, மைக்கூட்டைத் தேடி, கூப்பிட்ட நேரத்தை எழுதினார். வெகு நிதானமாக எழுதினார். அதற்குள் நாலு சாட்டை சாக்குக்குள் போயிருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார். அதையும் எழுதினார். மை காயட்டும் என்று ஊதினார். எட்டாகிவிட்டது. மூன்றாம் முறை கூப்பிடுவதற்கு முன்னால் தொண்டை கட்டிக்கொண்டது என்று தண்ணீர் கேட்டார். தணிகைவேல் ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தோணிசாமி வாயில் ஊற்றி, நிறுத்தி, ஊற்றி, நிறுத்திக் குடித்தார்.

பதினோராவது சாட்டைக்கு முன்னால் அமுதம் நின்றுவிட்டாள். அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு அதையே பார்த்தாள். சீக்கிரம் என்றார் சிங்காரவேலு. அவள் அசையவில்லை. அவள் சொன்னது நிஜம் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை அறுத்துவிட்டால் எட்டுப் பாரும் ஒரே மாதிரி ஆகிவிடும். காற்று மறுபடி எழுந்து தோகைகளைச் சாய்த்தது.

"அண்ணே," என்றாள் திரும்பாமலே. "எத்தினி, எந்தப் பக்கம்னு அதுல எழுதிட்டீங்களா?"

தினமும் எழுதியிருக்கிறேன் என்றார் அந்தோணிசாமி. பதினொன்று, எல்லாம் வெந்நீர் போடாத பக்கம். அமுதம் சாக்கைப் போர்த்தினாள். அரிவாள் அறுக்கிற சத்தம் கேட்டபிறகுதான் அந்தோணிசாமி மூன்றாம் முறை கூப்பிட்டார். இருவரும் உடனே கீழ்ப்படிந்து வெளியே வந்தார்கள். சாக்குகளைத் தூக்கிக்கொண்டு போய் வெல்ல அடுப்பில் போட்டுச் சாம்பலாகும் வரை எரித்தார்கள்.

அதன்பிறகு வந்த எட்டு நாளும் சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று எழுந்து நிற்பார். அறுத்த தூர்களில் புதுச்சாட்டை ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று அமுதம் தினமும் கயிற்றோரம் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். கிளம்பவில்லை. தப்பு செய்தது நான், கட்டிக்கொண்டு போகட்டும் என்றாள். கருவியைச் சிறையில் போட விதி இருக்காது, என்னைத்தான் போடுவார்கள் என்றார் அவர்.

பதினாலாம் தேதி கமிட்டி வந்தது. மூன்று வர்ணக் கொடி, பேண்டு வாத்தியம், பந்தல் எல்லாம் இருந்தன. பெலார் அச்சிட்ட சொற்பொழிவைக் கையில் வைத்துக்கொண்டு, திகைப்பதற்குத் தயாராகக் கயிற்றுக்குள் நுழைந்தார். நாலு பாரைப் பார்த்தார். பிறகு மற்ற நாலு பாரைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பேண்டுக்காரர்கள் குழலை வாயில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அந்தோணிசாமி ரிஜிஸ்தரை நீட்டினார். அல்போன்ஸ் அதை வாங்கிப் பிரித்து, தமிழில் இருப்பதைக் கண்டு மூடினார். பிரெஞ்சில் மொழிபெயர்த்து, மூன்று பிரதி எடுத்து, ஆபீஸ் வழியாக வந்தால்தான் நடுவர்கள் படிக்கலாம். சிங்காரவேலு முன்னால் போனார்.

"நாங்கதான் அறுத்தோம், முசியே. இந்தப் பக்கம் பதினொண்ணு இருந்துச்சி. வெந்நீர் போட்ட பக்கம் ஒண்ணும் இல்ல. வெடிக்கப் போச்சின்னு அறுத்துட்டோம்."

பெலார், என்ன சொல்கிறார் என்று காரியதரிசியைக் கேட்டார். அல்போன்ஸ் ஒரு நொடி சிங்காரவேலுவைப் பார்த்தார். முதல் சாட்டையைப் பற்றி வந்த தபால் அவர் மேஜை டிராயரில் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொன்னார். பெலார் புன்னகையோடு சிங்காரவேலுவுக்குத் தலை வணங்கினார். என்ன சொன்னார் என்று, பந்தலில் இருந்த வாத்தியாரிடம் பின்னால் கேட்டபோது, கமிட்டியின் வருகையால் தான் பெருமைப்படுவதாக விண்ணப்பதாரர் சொல்கிறார் என்று அல்போன்ஸ் சொன்னதாகத் தெரிந்தது.

பெலார் அச்சிட்ட காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உண்மையான விஞ்ஞானி எதிர்பாராததைக் கண்டு கலங்குவதில்லை என்று தொடங்கினார்.

"வெந்நீர் போட்ட பக்கத்தில் நோய் இல்லை. போடாத பக்கத்திலும் இல்லை. இரண்டும் சமம். ஆகவே வெந்நீரால் பயனில்லை என்பது சந்தேகமின்றி நிரூபணமாகிவிட்டது. ஆனால் கனவான்களே, இங்கே நோயைக் கொண்டுவந்து நட்டவர்கள் நாம். அந்த நோய் எங்கே போயிற்று? இந்தக் கொல்லையில் வேறெங்கும் இல்லாத எது இருந்தது? கமிட்டியின் கயிறு இருந்தது. பலகை இருந்தது. காவலன் இருந்தான். முப்பது வருஷமாக நான் மனத்தில் உணர்ந்திருந்ததை இந்தச் சிறிய கிராமம் இன்று நிரூபித்துவிட்டது. அரசாங்கம் இடைவிடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், எந்த நோயும் தானாகவே மறைந்துவிடும்."

பேண்டு முழங்கியது. நடுவர் குழு பந்தலுக்குப் பின்னால் போய் ஆலோசித்து, இந்த மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தவர் தலைவர்தான் என்று முடிவு செய்தது. விதிப்படி அவர் மூன்று நிமிஷம் மறுத்தார். அல்போன்ஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். பதினாறு வருஷத்தில் முதல் முறையாகப் பரிசு கொடுக்கப்பட்டது. பதக்கம் அவர் மார்பில் நன்றாகத்தான் இருந்தது. சிங்காரவேலு, தன் கண்டுபிடிப்பு செல்லாது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தணிகைவேல் வரப்பில் வைத்தே அவரைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அமுதம் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, சிறையும் இல்லை, கரும்பும் தப்பித்தது என்று அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "வெந்நீர் போட்டா சாட்டை வராது, அது நெசம்தானே?" என்றாள்.

"நெசம்தான்."

"அத யாராவது ஒருத்தர் சொன்னாங்களா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நினைக்க அவருக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. அந்தோணிசாமி இறங்கினார். இளைத்திருந்தார். தலைவரின் கண்டுபிடிப்பைக் கமிட்டி, கொம்யூன் என்கிற எல்லா வட்டாரங்களிலும் செயல்படுத்தத் தொடங்கிவிட்டது என்றார். சாட்டை கண்ட ஊர்களுக்கெல்லாம் சிப்பாய்களை அனுப்பி, கொல்லையில் நிறுத்தி, கரும்பை உற்றுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவரை மடுகரைக்குப் போட்டிருந்தார்கள். அங்கே முக்கால்வாசிக் கரும்பு சாட்டையாகத்தான் போயிருந்தது. அதிலிருந்தே கரணை வெட்டி மறுபடி நடப்போகிறார்கள். அதில் சாட்டை வந்தால், சிப்பாய் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வேலை போய்விடும்.

அவர் உட்கார மறுத்து நின்றுகொண்டே அமுதத்திடம் சொன்னார். "நான் பாத்தா அது போவாது தங்கச்சி. எனக்குத் தெரியும். தெனமும் நின்னு எண்ணினவன் நான். பதினொண்ணும் ஒரு பக்கந்தான் இருந்துச்சி. நீ சொன்னதுதான் நெசம்."

அமுதம் உள்ளே போய் மாற்றுப் புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி, மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். மூன்று நாள் ஆறு நாளாயிற்று. மடுகரையில் வீட்டுக்கு வீடு போய்ப் பெண்களின் கையைப் பிடித்துத் தண்ணீரில் விட்டுச் சூடு பழக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஆடியில் மடுகரையில் சாட்டை வரவில்லை. அந்தோணிசாமி அதைச் சொல்லவே நேரில் வந்தார். காவலனின் பார்வை இடுப்பளவுக் கரும்பிலிருந்து ஆளுயரக் கரும்பு வரை வேலை செய்கிறது என்று கமிட்டி இரண்டாவது அறிக்கை வெளியிட்டிருந்தது. முசியே பெலாருக்கு இன்னொரு பதக்கம் சிபாரிசு ஆகியிருந்தது. அந்தோணிசாமியைக் கூர்ந்த பார்வையுள்ளவர் என்று பாராட்டி, சாட்டை அதிகமான வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். சிங்காரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அமுதம் சிரிக்கவில்லை. எந்த ஊர், அங்கே நடவு எப்போது என்று கேட்டாள்.